விருந்தாளி வந்த நாளின் காற்று

"அப்பா, மழையே பெய்யலையே. நீங்க மட்டும் ஏன் தினமும் நனைஞ்சு வர்றீங்க?"

லூப்பே இப்படிக் கேட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. சிட்னியின் மேற்குக் கோடியில், டோங்கா தீவுக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு தெருவில், வீட்டு வாசற்படியில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான் அவளுடைய அப்பா பெனி.

"சாமிசோனி மாமா என் மேல தண்ணி அடிச்சு விளையாடுறாரும்மா."

"பெரியவங்க விளையாடுவாங்களா?"

"அவர் விளையாடுவார்."

இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் இருவருக்கும் வேலை. கல் என்றால் மலையில் வெட்டிய கல் அல்ல. கல்பொடியையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்த பளபளப்புப் பலகை. அதை அறுத்தால் மாவு போல வெள்ளைத் தூசி கிளம்பும். வேலை முடிந்ததும் சாமிசோனி ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு பெனியைப் பின்பக்கத்துக் குழாயடியில் நிறுத்துவார்.

"இழுப்புக்காரப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு இந்தக் கோலத்துல போயி அவளத் தூக்குவியா? திரும்புடா."

பெனி திரும்புவான். குதிரையைக் கழுவுவது போல முதுகைக் கழுவிவிடுவார்.

"நீங்களும் திரும்புங்கண்ணே, நான் அடிக்கிறேன்."

"எனக்கெதுக்கு? என் வீட்டுல இருக்கிறது உங்க அண்ணி கலோலைனும் ஒரு பூனையும். பூனை ஏற்கெனவே வெள்ளை."

இப்படிச் சொல்லிவிட்டு, தலைமுதல் கால்வரை வெள்ளையாகவே வண்டியேறிப் போவார்.

அந்த ஊரில் தூசியிலிருந்து தொழிலாளிகளைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்று அது ஒரு வரம்பு வைத்திருந்தது. வரம்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொன்னபோது, வாரியம் பல ஆண்டுகள் கூடிக் கூடிப் பேசி அதைப் பாதியாக்கியது. பாதியாக்கிய அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கையும் பாதியாகவே வெட்டினார்கள் என்றும், மீதிப் பாதி அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவைக்கப்பட்டது என்றும் சொல்லக் கேள்வி. பெனியின் பட்டறையில் அன்றைக்கும் பழைய தூசிதான்.

வரம்பு மீறப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வாரியம் ஆண்டுதோறும் ஆள் அனுப்பும். பதினான்கு நாள் முன்னறிவிப்போடு அனுப்பும். முதல் முறை அறிவிப்பு வந்தபோது முதலாளி டாரன் ஆட்களைக் கூட்டினார். ஆட்களிடம் எப்படிச் சொல்வது, எதை மறைக்கச் சொல்வது என்று தெரியாமல் தொண்டையைச் செருமினார்.

"விருந்தாளி வர்றாரா?" என்று கேட்டார் சாமிசோனி.

"அப்படியும் சொல்லலாம்."

அதற்குமேல் டாரன் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே தேவாலயத்துக்குப் போகும் டோங்காக்காரர்கள். விருந்தாளி முகத்தில் தூசி படிய விடுவது அவர்களுக்குச் செத்தாலும் ஆகாத காரியம். முந்தின நாளே தரையை அலசினார்கள். கூரையில் தொங்கிய வெள்ளை ஒட்டடையை இறக்கினார்கள். சுவரைத் துடைத்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் சேம்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து அவித்து, பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பூமாலை ஒன்றும் தயாரானது.

வந்தவர் பெயர் கிரகாம். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். பூமாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறோம் என்று யோசிப்பவர் போல நின்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். அதை ஒரு தொழிலாளியின் இடுப்பில் மாட்டி, அதிலிருந்து போகும் குழாயைச் சட்டைக் கழுத்தில் செருகிவிட்டால் அவன் இழுக்கும் காற்றையே அதுவும் இழுக்கும். உள்ளே இருக்கும் வட்டத்தாளில் தூசி படியும். வேலை நாள் முழுக்க மாட்டியிருக்க வேண்டும்; தாளை நிறுத்துப் பார்த்து அன்றைய சராசரியைச் சொல்வார்கள். பெட்டி உர்ர் உர்ர் என்று உறுமியதால் ஆட்கள் அதற்குப் பன்னிக்குட்டி என்று பெயர் வைத்தார்கள்.

"யாருக்கு மாட்டுறது?" என்று கேட்டார் கிரகாம்.

"பெனிக்கு மாட்டுங்க. மூஞ்சி லட்சணமா இருக்கிறவன். உங்ககூட உக்காந்து பேசிக்கிட்டிருப்பான்" என்றார் சாமிசோனி. பிறகு பெனியின் காதருகே குனிந்தார். "இன்னைக்கி முடிச்சுக் குடுக்க வேண்டிய கல்லு கெடக்கு. நான் பின்கொட்டகையில கதவச் சாத்திக்கிட்டு அறுத்துர்றேன். தண்ணி விட்டு அறுத்தா தூசி கிளம்பாது, ஆனா சேறு ஓடி அவர் காலு வரைக்கும் வரும். அசிங்கம்."

"என் பங்கையும் சேத்தாண்ணே?"

"உன் பங்குதான்டா அது. நீ போயி உக்காரு. விருந்தாளியத் தனியா விடாத."

பெனி உட்கார்ந்தான். கிரகாமும் அவனும் பன்னிக்குட்டியும் கழுவிவிட்ட கூடத்தில் நல்ல காற்று வாங்கினார்கள். கிரகாம் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய வயதான தாயாருக்கு என்று, அவர் கேட்காமலே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்குக் கண் கலங்கியது. பின்கொட்டகையிலிருந்து மட்டும் மூடிய கதவைத் தாண்டி ஒரு இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"பின்னாடி ஒரு சின்ன வேலைங்க" என்றான் பெனி. பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. உண்மையை மரியாதைக் குறைவாகச் சொல்லவும் தெரியாது.

சில வாரங்களில் சான்றிதழ் வந்தது. வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டாரன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த ஆண்டும் கிரகாம் வந்தார், அதற்கடுத்த ஆண்டும் வந்தார். ஒவ்வொரு முறையும் பெனி உட்கார்ந்தான், சாமிசோனி கொட்டகைக்குள் போனார். சுவரில் இடம் போதாமல், உள்காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சான்றிதழை மாட்டினார்கள். மின்விசிறி பழுதாகி வெகுகாலம் ஆகியிருந்தது.

சாமிசோனியின் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதியில் நின்றது. பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அவர் தொடங்கினால் தேவாலயத்தின் மரப்பலகை அதிரும் என்பார்கள். அன்றைக்கு வரியின் கடைசிச் சொல்லுக்கு அவரிடம் மூச்சு மிஞ்சவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற பெனி அந்தச் சொல்லை அவருக்காகப் பாடி முடித்தான். அடுத்த வாரம் கடைசி இரண்டு சொல்லுக்கு மூச்சு போதவில்லை. அதற்கப்புறம் அவர் வரியைத் தொடங்கிவைப்பதோடு சரி.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் கல்தூசியால் தழும்பேறிப் போயிருந்தது. குணமாக்க முடியாது என்றார். சாமிசோனி இழப்பீடு கேட்டு வாரியத்துக்கு விண்ணப்பித்தார். கிரகாமே வீட்டுக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"உங்க நோயை நாங்க மறுக்கல, மிஸ்டர் சாமிசோனி. ஆனா உங்க நுரையீரல் எங்க அளவீட்டோட ஒத்துப்போக மாட்டேங்குது. பட்டறைக் காத்து வரம்புக்குள்ள இருக்கு. அஞ்சு வருஷமா இருக்கு. அதனால மேலிடத்துல, நுரையீரலை மறுபடி பரிசோதிக்கலாமான்னு கேக்குறாங்க."

"காத்த மறுபடி பரிசோதிக்கக் கூடாதா?"

"காத்துக்குச் சான்றிதழ் இருக்கே."

சாமிசோனி இருமி முடிக்கும் வரை கிரகாம் தரையைப் பார்த்தபடி இருந்தார். கலோலைன் அவருக்கு மறுபடி தேநீர் ஊற்றினாள். அவர் போன பிறகு சாமிசோனி பெனியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இப்ப கொட்டகையில யாருடா நிக்கிறா?"

"பிட்டா."

"போன மாசம் கல்யாணம் ஆனவனா?"

"ஆமாண்ணே."

"ஒரு சாதாரண நாள்ல வந்து அளக்கச் சொல்லு. நான் வேற எதுவும் கேக்கல. பூமாலை இல்லாம, சாப்பாடு இல்லாம, நாம சும்மா வேலை பாக்கிற ஒரு நாள். அளந்தா அந்தக் கொட்டகைய மூடித்தான் ஆகணும். நான் இருக்கையிலயே மூடிட்டா நல்லது."

பெனி வாரியத்துக்குப் போனான். கிரகாமின் மேசை எதிரே உட்கார்ந்து, ஒரு சாதாரண நாள் வேண்டும் என்று கேட்டான்.

"சாதாரண நாள்ல தூசி இருக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் கிரகாம்.

"இருக்கும். எதிர்ல நிக்கிற ஆளு தெரியாது."

"அப்ப நான் உள்ள வர முடியாதே, பெனி. வரம்பை மீறுன இடத்துக்குள்ள வாரிய ஊழியர் போகக் கூடாது. எங்க பாதுகாப்பு விதி. நீங்க முதல்ல வரம்புக்குள்ள கொண்டு வாங்க. கொண்டு வந்துட்டீங்கன்னா நான் வந்து, மீறியிருக்கான்னு அளந்து சொல்லிருவேன்."

பெனி இதை மனத்துக்குள் இரண்டு முறை சுற்றிப் பார்த்தான். கதவில்லாத வீட்டைச் சுற்றி வருவது போல இருந்தது.

"உள்ள நிக்கிறவங்களுக்கு அந்த விதி கிடையாதுங்களா?"

"அவங்களுக்குத்தான் வரம்பு இருக்கே" என்றார் கிரகாம். சொன்ன பிறகு அவருக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது விருது. மாநிலத்திலேயே மிகத் தூய காற்றைத் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளி என்று வாரியம் பெனியைத் தேர்ந்தெடுத்திருந்தது. போகமாட்டேன் என்றான். "போடா. பெரியவங்க எல்லாம் வருவாங்க. நேர்ல கேளு" என்று சாமிசோனி மருத்துவமனைக் கட்டிலிலிருந்து விரட்டினார். பெனி வெள்ளைச் சட்டையும், மரியாதைக்குரிய இடத்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் பின்னல் பாயுமாகப் போனான்.

வாரியத் தலைவி திருமதி லாங்லி பேசினார்.

"நண்பர்களே, இந்த வாரியம் தோன்றும் முன் தொழிலாளர்கள் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறோம் என்றே அறியாமல் நோயுற்றார்கள். இன்று அந்த இருண்ட காலம் இல்லை. இன்று ஒருவர் நோயுற்றால், வரம்புக்குள் நோயுற்றாரா, வரம்பை மீறி நோயுற்றாரா என்று அவரிடம் துல்லியமாகச் சொல்கிறோம். அந்த நிம்மதியை எந்த மருத்துவராலும் தர முடியாது. நாங்கள் சென்ற எந்தப் பட்டறையிலும் வரம்பு மீறப்பட்டதில்லை. மீறப்பட்ட எந்தப் பட்டறைக்கும் நாங்கள் சென்றதில்லை. இவ்விரண்டு சாதனைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்."

கைதட்டினார்கள். விருதாக ஒரு கண்ணாடிப் பேழை கொடுத்தார்கள். உள்ளே பஞ்சு மெத்தையில் ஒரு சுவாச முகமூடி இருந்தது. சந்தையிலேயே உயர்ந்த வகை. பட்டறையில் எவரும் கண்ணால் கண்டதில்லை. கண்ணாடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் தூசி உள்ளே போய்விடும் என்று எச்சரித்தார்கள்.

பிறகு பெனியின் புகைப்படத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதாக நிகழ்ச்சி நிரல். ஊழியர் ஒருவர் துளைக்கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினார். சுவரிலிருந்து ஒரு சிட்டிகை பொடி உதிர்ந்து காற்றில் மிதந்தது. கூரையிலிருந்த கருவி கூவியது. அந்தக் கட்டடத்துக்கு மட்டும் கணத்துக்குக் கணம் காற்றை அளக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள்.

நொடியில் அரங்கம் காலியானது. எல்லோரும் வண்டி நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றார்கள். போர்வை வந்தது. தண்ணீர் வந்தது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவர் மார்பிலும் குழல் வைத்துக் கேட்டார்கள். அதிர்ச்சியடைந்தவர்களோடு பேச ஒரு மனநல ஆலோசகரும் வந்தார். அன்றைக்கும் மறுநாளைக்கும் விடுமுறை என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சிட்டிகையை யார் உள்ளே போய்த் துடைப்பது என்ற கேள்வி எழுந்தது. எல்லோர் கண்ணும் பெனி பக்கம் திரும்பியது.

"உங்களுக்குப் பழக்கம்" என்றார் திருமதி லாங்லி மென்மையாக. "அதோட உங்க உடம்பு எப்பவும் வரம்புக்குள்ளதான் இருக்கும்னு இப்பத்தான் நிரூபணம் ஆயிருக்கு."

ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். பெனி இடுப்புப் பாயோடு உள்ளே போனான். துடைப்பத்தைத் தொடவில்லை, கைக்குட்டையை நனைத்து, தரையை ஒற்றி எடுத்தான். தூசியைப் பெருக்கக் கூடாது, ஒற்ற வேண்டும் என்று சாமிசோனி சொல்வார். நிமிரும்போது வரவேற்பு மேசையின் கல்பலகை கண்ணில் பட்டது. அதன் விளிம்பு வளைவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உள்ளங்கை அணைவதற்கென்றே வளைத்தது போல அப்படி ஒரு விளிம்பை அந்தப் பட்டறையில் ஒரே ஒரு ஆள்தான் இழைப்பார். பெனி அதையும் துடைத்தான். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும் திருமதி லாங்லியிடம் போனான். அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. எங்க பட்டறைக்கு ஒரு நாள் சொல்லாம வாங்க."

"சொல்லாமலா? உங்க வீட்டுக்கு யாராவது சொல்லாம வந்தா உங்களுக்குப் பிடிக்குமா?"

பெனி யோசித்தான். "எங்க வீட்டுக்கு எல்லாருமே சொல்லாமத்தாங்க வருவாங்க."

"அது உங்க கலாசாரம். நாங்க அதை ரொம்ப மதிக்கிறோம். எங்க கலாசாரம் பதினாலு நாள் முன்னறிவிப்பு."

மருத்துவமனையில் இதைக் கேட்டு சாமிசோனி சிரித்தார். மூக்கில் குழாயோடு, சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். "போர்வை குடுத்தாங்களா?" என்று மறுபடி கேட்டார். "ஆம்புலன்ஸ் வேறயா?" சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. "பாவம்டா. பயந்துருப்பாங்க" என்றார் கடைசியில். அது கேலி இல்லை. உண்மையிலேயே பாவப்பட்டார்.

அந்த வாரம் முடியுமுன் அவர் இறந்துபோனார்.

அடக்க ஆராதனையில், மண்ணைப் பற்றியும் தூசியைப் பற்றியும் வழக்கமாகச் சொல்லும் வரி வந்ததும் போதகர் நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பாடகர் குழு பாடியது. அடிக்குரல் இருந்த இடம் திறந்தே கிடந்தது.

வாரியத்திலிருந்து கலோலைனுக்கு அனுதாபம் வந்தது. விண்ணப்பதாரர் இல்லாமற்போனதால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது என்றும், அவர் விலகியதைத் தொடர்ந்து பட்டறைத் தொழிலாளரின் சராசரி உடல்நலம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்துள்ளது என்றும் தெரிவித்திருந்தார்கள்.

அந்த ஆண்டும் முன்னறிவிப்பு வந்தது. அந்த ஆண்டும் தரையை அலசினார்கள். பெண்கள் சேம்பிலைப் பொதி கொண்டுவந்தார்கள். கிரகாம் பூமாலையோடு நின்று பன்னிக்குட்டியைப் பெனியின் இடுப்பில் மாட்டினார். சாமிசோனியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அவனுடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டார். பிட்டா பின்கொட்டகைப் பக்கம் நடந்தான்.

"பிட்டா, நில்லு. நீ போயி விருந்தாளியோட உக்காரு."

"நானா? எனக்கு என்னண்ணே பேசத் தெரியும்?"

"மூஞ்சி லட்சணமா இருக்குல்ல, அது போதும். அவங்க அம்மாவப் பத்திக் கேளு. பேசிக்கிட்டே இருப்பார்."

விருந்தாளியை விட்டுவிட்டு எழுந்து போவது பெனிக்கு வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. முதுகு கூசியது. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பேழையைத் திறந்து, முகமூடியை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். ஆணியில் சாமிசோனியின் வேலைச் சட்டை அவர் மாட்டியபடியே தொங்கியது. அவர் நின்ற இடத்தில் நின்றான். அவர் அறுத்தது போலவே, தண்ணீர் விடாமல், சாதாரண நாளில் அறுப்பது போல அறுத்தான். கொஞ்ச நேரத்தில் கதவு தெரியவில்லை. பிறகு சொந்தக் கையே தெரியவில்லை. பன்னிக்குட்டி மட்டும் உறுமிக்கொண்டு, அவர் இத்தனை வருடம் இழுத்த காற்றை அவன் கழுத்தருகே இழுத்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் வெளியே வந்து மேலைக் கழுவிக்கொண்டு, பெட்டியை மட்டும் துணியால் துடைத்துக் கிரகாமிடம் கொடுத்தான்.

"வழக்கம்போல நல்ல காத்துதானே?"

"சாதாரணக் காத்துங்க" என்றான் பெனி.

தாளை நிறுத்தபோது வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று எழுதிவிடும்படி மேலிடத்தில் கிரகாமுக்கு அறிவுரை சொன்னார்கள். அந்தக் கூச்ச சுபாவக்காரர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. தன் மேசைக்குப் போய், எண்ணை அப்படியே பதிவில் ஏற்றிவிட்டு, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். ஏறிய எண்ணை இறக்குவதற்கு வாரியத்தில் விதி இல்லை. கொட்டகைக்குப் பூட்டு வந்தது. பிட்டா கூடத்தில், தண்ணீர் ஓடும் ரம்பத்தில் நின்றான். வெகுநாள் கழித்துக் கலோலைனுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: இறப்புக்குக் காரணம் பணியிடத் தூசி. அதைப் போதகர் தேவாலயத்தில் வாசித்தார். பன்னிக்குட்டியின் தாளில் தூசி எப்படிப் படிந்தது என்று பெனி யாரிடமும் சொல்லவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று மாலை கிரகாம் பொட்டலத்தோடு கிளம்பினார். மற்றவர்களும் போனார்கள். பெனி மட்டும் கொட்டகைக்குத் திரும்பி வந்து, ஆணியிலிருந்த வேலைச் சட்டையை எடுத்தான். துணியா பலகையா என்று தெரியாதபடி விறைத்திருந்தது. பின்பக்கத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கம்பியில் தொங்கவிட்டு, ரப்பர் குழாயைத் திறந்தான். வெள்ளைத் தண்ணீர் ஓடியது. மார்புப் பக்கம், கைப்பக்கம், கழுத்துப் பட்டை என்று நிதானமாகக் கழுவினான். தண்ணீர் தெளிந்து, சட்டையின் நீல நிறம் தெரிய வந்தது. அது நீலம் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

"திரும்புங்கண்ணே" என்றான்.

சட்டையைத் திருப்பி மாட்டி, முதுகுக்குத் தண்ணீர் அடித்தான்.